இவ்வூராள் அல்லள்

ஹேவர்விக் என்ற சின்னச் சந்தை ஊரின் எழுநூறு வருஷ வரலாற்றை எழுதி முடிக்கப் பெரில் ஸ்டானிஃபோர்த்துக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. அதில் முதல் இரண்டு வருஷம் பழைய காலத்துக் கையெழுத்தைப் படிக்கப் பழகுவதற்கே சரியாகப் போனது. முப்பத்தெட்டு வருஷம் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் காகிதக் கட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவள் மிரண்டதில்லை. காகிதம் இல்லாத விஷயத்தைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது. காகிதத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதற்கு மேல் அவளிடம் பேச்சுக் கிடையாது.

இதற்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் விழாக் குழுவில் இல்லை. 1324-இல் சந்தை கூட்ட உரிமை கிடைத்த ஊர். எழுநூறாவது வருஷத்தை விடுவார்களா? வெள்ளை மான் விடுதியின் மாடியில் மாதம் ஒரு கூட்டம் போட்டார்கள். அந்த விடுதியில் ஏதோ ஓர் அரசர், ஏதோ ஒரு போருக்கு முந்தின நாள், வாத்துக்கறி தின்றுவிட்டுப் படுத்துத் தூங்கினார் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. எந்தக் கட்டில் என்றுகூடக் காட்டுவார்கள்.

"அதைச் சேர்த்தாத்தானே புத்தகம் களை கட்டும்?" என்றான் குழுத் தலைவன் ராட்னி பிளென்கின். சந்தைச் சதுக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பம். பள்ளிக்கூடத்தில் பெரிலுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன்.

"காயிதம் இருக்கா?" என்றாள் பெரில்.

"எங்கப்பா சொன்னாரு."

"உங்கப்பாவுக்கு யாரு சொன்னது? அந்த வாத்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராட்னியும் சிரித்தான். அரசரால் புத்தகத்துக்குள் நுழைய முடியவில்லை.

பெரிலின் கவலையெல்லாம் ஒன்பதாவது அத்தியாயத்தைப் பற்றித்தான். 1793-ஆம் வருஷம், தாமசின் ரூக் என்ற பணிப்பெண். கல்யாணம் ஆகாதவள், நிறைமாதம். பிள்ளை எந்த ஊர் எல்லைக்குள் பிறக்கிறதோ அந்த ஊர்தான் அதற்குச் சோறு போட வேண்டும் என்பது அந்தக் காலச் சட்டம். ஏழைகளைக் கவனித்துக்கொள்ளவென்று ஊரில் ஓர் அதிகாரி இருந்தான். அவன் கவனித்துக்கொண்ட லட்சணம் இது: அவளுக்கு வலி எடுத்ததும் ஒரு தள்ளுவண்டியில் தூக்கிப் போட்டு, டெல் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிரிம்ஷாம் ஊர் எல்லையில் விட்டுவிட்டு வரச் சொன்னான். கிரிம்ஷாம்காரர்கள் மட்டும் இளிச்சவாயர்களா? வண்டியைத் திருப்பித் தள்ளினார்கள். மூன்று முறை போயிற்று, மூன்று முறை வந்தது. நடுப்பாலத்தில், எல்லைக் கல்லின் மேலேயே, தாயும் பிள்ளையும் செத்துப்போனார்கள். பிறகு யார் புதைப்பது என்று இரண்டு நாள் சண்டை.

அந்த அதிகாரி ஊர்ப் பதிவேட்டில் எழுதி வைத்தது ஒரே வரி: ‘தாமசின் ரூக், இவ்வூராள் அல்லள், அகற்றப்பட்டாள்.’

அது பச்சைப் பொய். அதைக் கண்டுபிடித்ததுதான் பெரில் செய்ததிலேயே பெரிய காரியம். நாலு வருஷம் தேடி, ஆவணக் காப்பகத்தில் வேறு ஒரு குடும்பத்தின் காகிதப் பெட்டியிலிருந்து, அந்த அதிகாரியின் தாயார் எழுதிய உயிலை எடுத்தாள். ‘ஆறு ஆண்டுகளாக நம் வீட்டில் பணி செய்யும் தாமசின் ரூக்குக்கு என் கறுப்பு அங்கியும் ஒரு ஜோடிக் காலணியும்’ என்று அதில் இருந்தது. கீழே சாட்சிக் கையெழுத்து, அந்த மகனுடையதே. தன் வீட்டு அடுப்பை ஆறு வருஷம் மூட்டியவளைத்தான் யாரோ எவளோ என்று எழுதி வண்டியில் ஏற்றியிருக்கிறான். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று ஊகிக்க நிறையவே இடம் இருந்தது. காகிதம் இல்லாததால் பெரில் ஊகிக்கவில்லை.

அந்த அதிகாரியின் பெயர் எஸ்ரா பிளென்கின். ராட்னிக்கு நேர் வழிப் பாட்டன். புத்தகத்தை அச்சிடப் பணம் போடப் போகிறவனோ ராட்னி.

பெரில் அந்த அத்தியாயத்தை அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். வெட்டச் சொன்னால் வெட்ட மாட்டேன், புத்தகமே வராவிட்டாலும் சரி என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். ராட்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தான். கண்ணாடியைக் கழற்றினான்.

"பிரமாதம் கண்ணு," என்றான்.

"என்ன பிரமாதம்?"

"எங்க பாட்டன் வில்லனா? அடிப்பாவி, இதை ஏன் இத்தனை வருஷம் பொத்தி வெச்சிருந்தே? விழாவன்னிக்குப் பாலத்து மேலயே நாடகமா போட்டுருவோம். நானே அவனா நடிக்கிறேன். மூக்குக்கூட ஒத்துப் போகும்."

அடுத்த மாதத்துக்குள் ‘தாமசின் கறுப்பு’ என்று ஒரு பீர் வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரன் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு பன் போட்டான். ஒரு பெண்ணை ஊர் கொன்றதை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பெரிலுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் புத்தகம் வரப்போகிறது, ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு சொல்லும் குறையாமல் வரப்போகிறது. அதை நினைத்துப் பீரையும் பன்னையும் பொறுத்துக்கொண்டாள்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள். பெரில் மீன் வண்டியில் புகைபோட்ட ஹாடக் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வெண்ணெய் மண்டபத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பழைய நாளில் பண்ணைப் பெண்கள் வெண்ணெய்க் கூடையோடு உட்காரும் கல்தூண் மண்டபம் அது. தூணுக்குப் பின்னால் படுக்கைப் பையைச் சுருட்டி வைத்துக்கொண்டு லொரெய்ன் உட்கார்ந்திருந்தாள்.

லொரெய்ன் கட்டில் என்பது முழுப்பெயர், ஐம்பத்திரண்டு வயதுக்காரி. நாலு வருஷத்துக்கு மேல் ராட்னியின் கடை மாடியில் இருந்தவள். கடையைப் பெருக்கித் துடைப்பாள், சரக்கு இறக்குவாள், அதற்குப் பதிலாக மாடி அறை. எழுத்துக் கிடையாது, ரசீது கிடையாது, அந்த அறைக்குத் தபாலும் வராது. இந்த மார்ச்சில் ராட்னி அவளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டான். விழாவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் தங்க அறை வேண்டுமாம்.

பெரிலின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த மாடி ஜன்னல். நாலு வருஷம் லொரெய்னின் துணி காய்ந்ததைப் பார்த்திருக்கிறாள். பெயின்ட் டப்பாக்களில் அவள் வைத்த தக்காளிச் செடி பழுத்ததைப் பார்த்திருக்கிறாள். பெரில் ஆவணக் காப்பகத்துக்குப் போய் நாள் கணக்கில் தங்கும்போதெல்லாம் அவள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு பூனைக்குச் சோறு வைத்தவளே லொரெய்ன்தான்.

"பூனை எப்படி இருக்கு?" என்றாள் லொரெய்ன்.

"கொழுத்துப் போச்சு. நீ எப்படி இருக்கே?"

"நான் கொழுக்கலை." சிரித்துவிட்டு, பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். "உக்காருங்க பெரில். உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும்."

பெரில் உட்காரவில்லை. மீன் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"மாவட்ட ஆபீஸ்ல வீடு கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். கடைசி அஞ்சு வருஷத்துல மூணு வருஷமாவது இந்தப் பக்கம் இருந்தேன்னு காட்டணுமாம். காட்டுனா இங்கயே ஏதாச்சும் ரூம் தருவாங்க. காட்டலைன்னா, கடைசியா நான் காயிதத்துல எந்த ஊர்ல இருந்தேனோ அங்க திருப்பி அனுப்பிடுவாங்க."

"எந்த ஊரு?"

"ஸ்கெல்மவுத்."

பெரிலுக்குத் தெரியும். லொரெய்னின் வலது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. அதை உடைத்த கணவன் டேரன் இன்னும் ஸ்கெல்மவுத் துறைமுகத்தில்தான் இருக்கிறான்.

"அதைச் சொன்னியா அவங்ககிட்ட?"

"சொன்னேன். போலீஸ்ல எழுதிக் குடுத்தியான்னு கேக்குறாங்க. எழுதிக் குடுத்திருந்தா கையோட விட்டிருப்பானா?"

"ராட்னிகிட்ட கேட்டுப் பாத்தியா?"

"கேக்காமலா? என் கடை மாடியில நான் ஆணிதான் வெச்சிருந்தேன், ஆளு யாரையும் வெக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. பாவம், அவருக்கும் பயம். ஆளு வெச்சதை எந்தக் கணக்குலயும் காட்டலை இல்ல?" லொரெய்ன் நிமிர்ந்து பார்த்தாள். "உங்க பேரைக் குடுத்திருக்கேன். போன் பண்ணுவாங்க. வேற ஒண்ணும் வேணாம், பாத்ததைச் சொல்லுங்க போதும். ஆயிரத்தி அறுநூத்தி நாப்பதுல கசாப்புக்கடைக்காரன் வீட்டுச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு சொல்ற ஆளு நீங்க. ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல நான் எங்க இருந்தேன்னு சொல்ல மாட்டீங்களா?"

பெரில் சிரித்துவிட்டாள். "சொல்றேன். கண்டிப்பா சொல்றேன்," என்றாள். அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னாள். அதைச் சந்தேகப்பட வேண்டாம். மண்டபத்தை விட்டு இறங்கி இருபது அடி போவதற்குள்தான், ராட்னியின் பணத்தில் புத்தகம் அச்சாபீசில் இருப்பது ஞாபகம் வந்தது.

விழா ஜூன் எட்டாம் தேதி, சனிக்கிழமை. போன் அதற்கு முந்தின புதன்கிழமை வந்தது, அதுவும் எந்த இடத்தில் வரக்கூடாதோ அந்த இடத்தில். ராட்னியின் கடைப் பின்கட்டில் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன. பெரில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ராட்னி எதிரே நின்று கத்தியால் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். முதல் பிரதியை அவள் கையில் கொடுத்தபோது அவன் கண்கூட ஈரமாகத்தான் இருந்தது.

"மிஸஸ் ஸ்டானிஃபோர்த்தா? மாவட்ட வீட்டுவசதிப் பிரிவுலேருந்து பேசறேன்," என்றது ஓர் இளம்பெண் குரல். மரியாதையான குரல். "லொரெய்ன் கட்டில்னு ஒருத்தங்க உங்க பேரைக் குடுத்திருக்காங்க. பிளென்கின் இரும்புக்கடை மாடியில நாலு வருஷம் இருந்தேங்கிறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

பெரில் ராட்னியைப் பார்த்தாள். அவன் கத்தியை நிறுத்திவிட்டான். கடை சின்னது, போன் பழசு, பேச்சு வெளியே கேட்டது.

"அதுக்கு வாடகை ஒப்பந்தம் மாதிரி ஏதாவது இருக்கா?" என்றாள் பெரில்.

"இல்லைங்க. அதனாலதான் உங்களைக் கேக்கறோம். நீங்க எதிர்வீடாமே. பாத்திருப்பீங்க இல்லையா?"

‘பார்த்தேன்’ என்று ஒரு சொல். அதைச் சொல்ல அரை நொடிகூட ஆகாது. நானூறு புத்தகமும் அவள் காலடியில் இருந்தன, எல்லாம் ராட்னியின் கூரைக்குக் கீழே. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பாலத்தில் வெளியீடு. பதினோரு வருஷம். அவள் வாயிலிருந்து வந்தது அவளுடைய சொந்தக் குரலே, கூட்டங்களில் எல்லோரையும் வாயடைக்க வைத்த அதே குரல்.

"நான் ஒரு வரலாற்று ஆசிரியை. எழுத்துல இல்லாத எதையும் நான் உறுதியா சொல்றதில்லை."

"புரியுது. ஆனா நான் கேக்கறது நீங்க கண்ணால..."

"யார் யாரோ வருவாங்க போவாங்க. தேதி வாரியா எனக்கு எப்படித் தெரியும்?"

போனில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "அப்ப, ‘இங்க வசிச்சதாத் தனக்குத் தெரியாது’ன்னு போட்டுக்கட்டுமா?"

பெரில் அடுத்த பிரதியை மடியில் இழுத்து வைத்தாள். "போட்டுக்கோங்க."

போனைப் பைக்குள் வைத்தாள். ராட்னி உள்ளே போய் ஒரு கோப்பை டீயும் தட்டில் இரண்டு இஞ்சி பிஸ்கட்டும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"சூடு ஆறுறதுக்குள்ள குடி கண்ணு," என்றான்.

அவள் குடித்தாள். சனிக்கிழமை கழியட்டும், திங்கட்கிழமை நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து நாளில் என்ன குடிமுழுகிப் போய்விடும்? அலுவலகக் காரியம் ஆமை வேகத்தில்தானே நடக்கும்? முப்பத்தெட்டு வருஷம் வக்கீல் ஆபீசில் இருந்தவளுக்கு அது தெரியாதா? இப்படித் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டு அன்று நூற்று இருபது பிரதிகளில் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. பாலத்தின் இரண்டு பக்கமும் சாலையை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். கிரிம்ஷாம்காரர்கள்கூடப் பழைய பகையை மறந்து நாற்காலியோடு வந்திருந்தார்கள். பல் டாக்டரின் மனைவி வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு வண்டியில் படுத்து, வலியால் முனகுவதற்குப் பதில் சிரித்துக்கொண்டே இருந்தாள். முக்கோணத் தொப்பியும் வெள்ளைக் காலுறையும் போட்டுக்கொண்டு ராட்னி வண்டியை உதைத்தான். ஜனங்கள் ‘த்தூ’ என்றார்கள். அவன் இடுப்பில் கை வைத்து மீசையை முறுக்கிக் காட்டினான். மூன்று முறை வண்டி போயிற்று, மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை தலையணை நழுவி விழுந்ததற்குத்தான் பெரிய கைதட்டல்.

அதன் பிறகு பெரிலை மைக் முன்னால் நிறுத்தினார்கள். ஒன்பதாவது அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை வாசிக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்துகொண்டு நிமிர்ந்தபோது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்சி நிற்பதைப் பார்த்தாள். வழி திறக்கட்டும் என்று டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில், மடியில் படுக்கைப் பையோடு, லொரெய்ன் உட்கார்ந்திருந்தாள். பாலத்தைக் கடந்து போகும் சாலை ஸ்கெல்மவுத்துக்குப் போவது. இந்த ஒரு தடவை ஆபீஸ் ஆமையாக இல்லை.

வாசிக்காமல் இருக்க முடியாது. நானூறு பேர் காத்திருந்தார்கள்.

"‘எஸ்ரா பிளென்கின் அறியாமல் எழுதவில்லை,’" என்று வாசித்தாள். "‘அவள் யார் என்று அவனுக்குத் தெரியும். எத்தனை வருஷம் இங்கே இருந்தாள் என்று தெரியும். இவளைத் தெரியும் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி திரும்பியிருக்கும். சொல்வதற்கு அவனுக்கு எந்தச் செலவும் இல்லை.’"

குரல் நடுங்கியது. உணர்ச்சிவசப்பட்டு வாசிக்கிறாள் என்று முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ராட்னி தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் குனிந்து வணக்கம் சொன்னான்.

கயிற்றை அவிழ்த்தார்கள். டாக்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வந்து, பெரில் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், முன்னால் போன தள்ளுவண்டிக்காக மறுபடி நின்றது. ஜன்னல் இறங்கியது. பெரிலுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைவிட, லொரெய்ன் இறங்கி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிடுவாளோ என்ற பயம் பெரிதாக இருந்தது. ராட்னி எங்கே நிற்கிறான் என்றுதான் அவள் கண் முதலில் தேடியது.

லொரெய்ன் சத்தம் போடவில்லை.

"நல்லா வாசிச்சீங்க," என்றாள்.

"லொரெய்ன், நான் திங்கட்கிழமை..."

"அந்த ஆளு ஏன் அப்படி எழுதுனான்? தெரிஞ்சும் ஏன் தெரியாதுன்னான்? அது புத்தகத்துல இருக்கா?"

"இல்லை. அதுக்கு ஆதாரம் கிடைக்கலை."

லொரெய்ன் மடியிலிருந்த பையைச் சரியாக வைத்துக்கொண்டாள். "கிடைக்கலைன்னா என்ன பெரில். உங்களுக்குத்தான் தெரியுமே," என்றாள். கோபமே இல்லை, பூனையைப் பற்றிக் கேட்ட அதே குரல். தள்ளுவண்டி ஒதுங்கியதும் டாக்சி எல்லைக் கல்லைத் தாண்டிக் கிரிம்ஷாம் பக்கம் போய்விட்டது. அன்று மாலைக்குள் நானூற்றில் முந்நூற்றுப் பத்துப் புத்தகம் தீர்ந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரில் போன் செய்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பெயின்ட் டப்பா, தக்காளி, துணிக்கொடி, பூனை, வீட்டுச் சாவி, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அதே இளம்பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"புதன்கிழமை நீங்க தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்களே."

"சொன்னேன். அது தப்பு. எனக்குத் தெரியும்."

"இப்ப சொல்றதுக்கு ஏதாவது எழுத்துல இருக்குங்களா? ஒரு கடிதம், ஒரு சீட்டு? அவங்க கைப்பட எழுதினது ஏதாவது?"

பெரில் யோசித்தாள். பூனைச் சோறு பற்றி லொரெய்ன் மேஜை மேல் துண்டுச் சீட்டுகள் எழுதி வைப்பாள். ‘பாதிதான் தின்னுச்சு. வெளியே போய்ட்டு வந்துச்சு. பால் வாங்கி வெச்சிருக்கேன்.’ முப்பது நாற்பது சீட்டு இருந்திருக்கும். எழுநூறு வருஷத்துக் காகிதத்தைத் தேடித் தேடிச் சேர்த்தவள் அந்தச் சீட்டுகளை வாரத்துக்கு ஒரு முறை குப்பையில் போட்டுவந்தாள்.

"இல்லை," என்றாள்.

"அப்ப ஃபைல்ல இருக்கறதுதாங்க நிக்கும். அதுவும் ஃபைல் இப்ப எங்ககிட்ட இல்லை, ஸ்கெல்மவுத்துக்குப் போயிடுச்சு. அங்க எழுதிக் கேளுங்க." பிறகு குரல் கொஞ்சம் இளகியது. "உங்க புத்தகத்தை எங்க ஆபீஸ்ல ஒருத்தர் வாங்கிட்டு வந்தாரு. அந்தப் பாலத்து அத்தியாயத்தைப் படிச்சுட்டு அழுதுட்டேன்."

ஸ்கெல்மவுத்துக்குப் பெரில் எழுதினாள். பதில் வரவில்லை. இரண்டாவது தடவை எழுத வேண்டும் என்று மேஜையில் ஒரு சீட்டு ஒட்டி வைத்தாள். அதற்குள் இரண்டாம் பதிப்புக்குப் பிழை திருத்தும் வேலை வந்துவிட்டது.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை ராட்னி அவளைக் கடைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான். மாடி அறையில் தங்கியிருக்கும் லீட்ஸ்காரத் தம்பதிக்குப் புத்தகத்தில் கையெழுத்து வேண்டுமாம். கணவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எங்கே போனாலும் சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அறை ரொம்ப அழகு என்றார் மனைவி. ஜன்னலில் தொங்கும் பூந்தொட்டியும் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார்.

"உங்களைப் பாத்தா கேக்கணும்னே இருந்தேன்," என்றார் ஆசிரியர். "நாங்க தங்கியிருக்கிற அந்த ரூமுக்கு ஏதாவது வரலாறு இருக்கா? யாரெல்லாம் இருந்தாங்க அங்க?"

பெரிலுக்கு இது கைவந்த கலை. 1780-இல் அது மெழுகுவர்த்திக் கிடங்கு என்றாள். 1861 மக்கள்தொகைக் கணக்கில் இரண்டு சகோதரிகள், தையற்காரிகள், மூத்தவளுக்குக் கண் தெரியாது. முதல் உலகப் போரின்போது ஒரு ரயில்வே தொழிலாளியின் விதவை, மூன்று மகன்கள், இரண்டு பேர் திரும்பவில்லை. 1950-க்குப் பிறகு ஆணிப் பெட்டிகள். அவர் விடாமல் எழுதிக்கொண்டே வந்தார்.

"அதுக்கப்புறம்?" என்றார். "சமீபத்துல யாராவது?"

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ராட்னி இந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, அவன் பாட்டுக்கு ஒரு தச்சனுக்குத் திருகாணி எண்ணிக்கொண்டிருந்தான். புத்தகம் வெளிவந்துவிட்டது, அதை இனி யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. கேட்பவர் வெளியூர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போய்விடுவார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் பெரிலுக்கு ஒன்றும் குறையாது. அது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. ஆனால் சொன்னால், அங்கே இருந்தவள் இப்போது எங்கே என்று அவர் கேட்பார்.

"அதுக்கப்புறம் யாரும் இல்லைங்க," என்றாள் பெரில். "காலியாத்தான் கிடந்துச்சு."

ஆசிரியர் அதையும் எழுதிக்கொண்டார்.